க, ச, த, ந, ப, ம, ய, ர, வ: ஜப்பானிய எழுத்துக்கு ஒரு தமிழ் வழி

க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. தமிழ் நெடுங்கணக்கின் பதினெட்டு மெய்களில் ங, ஞ, ட, ண, ல, ழ, ள, ற, ன ஆகிய ஒன்பதையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் வரிசை இது. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணையும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகிறது: க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஒவ்வொரு வரிசையிலும் சேரும் உயிர்கள் ஐந்து. அவை வரும் முறை அ, இ, உ, எ, ஒ. விழுப்புரம் மாவட்டம் கூட்டேரிப்பட்டில் அரிச்சுவடி படித்த ஒருவர் ஜப்பானிய மொழி கற்கப் போனால், முதல் நாள் பாடத்தில் பாதி அவர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

இடையில் ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ இருக்கிறதே என்று கேட்கலாம். பழைய ஜப்பானிய மொழியில் அங்கே ஒலித்தது ப-தான். காலப்போக்கில் உதடுகள் ஒட்டாமல் போய், அது ஃப ஆகி, பிறகு ஹ ஆனது. நமக்குப் பக்கத்திலேயே இதே மாற்றம் நடந்திருக்கிறது. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. ஜப்பானிய அட்டவணை பழைய ஒலிப்பின் காலத்து வரிசையை இன்றும் மாற்றாமல் வைத்திருக்கிறது.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. பௌத்தம் சீனா வழியாக ஜப்பானுக்குப் போனபோது, மந்திரங்களை எழுதப் பயன்பட்ட சித்தம் என்ற இந்திய எழுத்தும் கூடவே போனது. 736இல் போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி ஜப்பான் போய்ச் சேர்ந்தார். 752இல் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழாவை நடத்தி வைத்தவர் அவர்தான். 804இல் சீனா சென்ற கூக்காய் என்ற ஜப்பானியத் துறவி, சாங்கான் நகரில் பிரக்ஞர் என்ற இந்தியரிடம் பயின்று 806இல் நாடு திரும்பினார். இப்படிச் சித்தம் கற்ற துறவிகளின் வழியே, ஒலிகளைத் தொண்டை தொடங்கி உதடு வரை அவை பிறக்கும் இடப்படி அடுக்கும் இந்திய முறை அந்நாட்டில் வேர் பிடித்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் பேசுவதும் இந்த அறிவைத்தான். 11ஆம் நூற்றாண்டு ஏடுகளில் ஜப்பானிய அட்டவணையின் தொடக்க வடிவங்கள் கிடைக்கின்றன; வரிசை இன்றைய ஒழுங்குக்கு வர மேலும் காலம் பிடித்தது.

தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) வாதிட்டது தமிழ் வாசகர்கள் பலருக்கும் தெரியும். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எழுத்து வரிசையின் கதைக்கு அந்த விவாதம் தேவையில்லை, ஏனென்றால் இதற்கு ஏட்டுச் சான்றே இருக்கிறது. சித்தத்தின் உறவுக்கார எழுத்து நம் பக்கத்திலேயே இருக்கிறது: விழுப்புரம் வட்டாரத்து மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் எழுப்பிய கோயில் என்று மகேந்திரவர்மன் வெட்டிவைத்த 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் இருக்கிறது. கிரந்தம், தமிழ், சித்தம் ஆகிய மூன்றுக்கும் தாய் பிராமி. அந்தக் குடும்பத்தின் எழுத்து வடிவங்கள் ஜப்பானில் கோயில்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. வரிசை மட்டும் வெளியே வந்து பள்ளிக்கூடம், அகராதி, செல்பேசி என எல்லா இடத்துக்கும் போனது.

செல்பேசியில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜப்பானியர் பலர் பயன்படுத்தும் விசைப்பலகையில் எண்கள் இருக்கும் இடத்தில் அ, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று பத்துப் பொத்தான்கள் இருக்கும். க பொத்தானைத் தட்டினால் க. விரலை இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே இழுத்தால் கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. எல்லாப் பொத்தானுக்கும் திசை ஒன்றுதான். உயிர்மெய் என்ற கருத்து தெரிந்த தமிழர் இதைச் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்வார். கற்கத் தொடங்கியதுமே ஒருவர் செல்பேசியில் நிறுவிக்கொள்ள வேண்டிய முதல் கருவி இந்த விசைப்பலகைதான். இலவசம், அதோடு ஒவ்வொரு தட்டலும் அட்டவணையை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, கூட்டேரிப்பட்டில் யார் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள் என்ற கேள்வி எழலாம். மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் அந்தக் கூட்டு ரோடு, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி, சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம். 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலை திறக்கப்பட்ட இடம். கொமாட்சு, யமஹா போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகளும் அந்தப் பகுதியில் உள்ளன. பாலிடெக்னிக்கோ பொறியியலோ முடித்த பிள்ளைகள் வேலை தேடிப் போகும் பாதை இது. 2019இல் ஜப்பான் அரசு ‘குறிப்பிட்ட திறன்’ பணியாளர் விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கான உடன்படிக்கையில் சேர்ந்தது. முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, கட்டுமானம் போன்ற வேலைகளுக்கு இந்த விசாவில் போக நினைப்பவர் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். இனி அந்தப் பாடம் மாநகரத்துக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இராது.

அட்டவணை கொடுக்கும் சலுகை ஒலியோடு முடிந்துவிடுகிறது. தமிழில் ‘க’ தெரிந்தால் கொம்பும் காலும் சேர்த்துக் கா, கி, கு, கெ எல்லாவற்றையும் வருவித்துக்கொள்ளலாம். 247 எழுத்துகளையும் தனித்தனியாக யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஜப்பானிய எழுத்தில் க, கி, கு, கெ, கொ ஐந்தும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஐந்து வடிவங்கள். சீன எழுத்துகளை ஒலிக்காகக் கடன் வாங்கி, அவற்றை வேகமாக எழுதியதில் கரைந்து உருண்டவை ஹிரகானா. பௌத்த நூல்களின் ஓரத்தில் வாசிப்புக் குறிப்பு எழுதிய துறவிகள் அதே எழுத்துகளில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தவை கத்தகானா. ஹிரகானாவில் 46, கத்தகானாவில் 46. குறுக்கு வழியில்லாமல் 92 வடிவங்களைக் கண்ணிலும் கையிலும் ஏற்ற வேண்டும். விளையாட்டுகளுக்கு இங்கேதான் வேலை வருகிறது.

எழுத்து விளையாட்டு ஜப்பானில் செல்பேசி வருவதற்கு முந்தியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த சீட்டாட்டத்தைப் பார்த்து அவர்கள் கருத்தா என்ற சீட்டுகளை உருவாக்கினார்கள். பின்னாளில், எதோ எனப்படும் ஆட்சிக் காலத்தில், அது குழந்தைகளுக்கான எழுத்து விளையாட்டாகவும் மாறியது. தரையில் படச் சீட்டுகள் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எழுத்து. ஒருவர் பழமொழி ஒன்றை உரக்க வாசிப்பார். அது எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்தச் சீட்டை முதலில் தட்டி எடுப்பவருக்கு அது சொந்தம். காதில் விழும் ஒலிக்கு உரிய வடிவத்தைக் கண நேரத்தில் நினைவிலிருந்து இழுக்க வேண்டும், அதுவும் பக்கத்தில் இருப்பவர் கை முந்துவதற்குள். கற்றலுக்கு இதைவிட நல்ல பயிற்சி அமைவது கடினம். 1889இல் கியோத்தோவில் பூச்சீட்டுகள் செய்யத் தொடங்கிய ஒரு கடைதான் இன்றைய நிண்டெண்டோ. அதே நிறுவனம் 2006இல் தன் டிஎஸ் கையடக்கக் கருவிக்கு ஓர் அகராதி வெளியிட்டது. தெரியாத சீன எழுத்தைத் தொடுதிரையில் குச்சியால் அப்படியே வரைந்தால் அதன் பொருளைக் காட்டும்.

கணினி விளையாட்டுகளில் 2016இல் வந்த ‘ஹிரகானா பேட்டில்’ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதில் எதிரிகளே எழுத்துகள்தாம். ஓர் எழுத்து முன்னால் வந்து நிற்கும். அதன் ஒலியைச் சரியாகத் தேர்ந்தால் அடி விழும், தவறினால் அது நம்மைத் தாக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் கத்தகானாவுக்கும், கான்ஜி எனப்படும் சீன எழுத்துகளுக்கும் இதே வரிசையில் விளையாட்டுகள் வந்தன. பிழைக்கு உடனே விலை கொடுக்க வேண்டியிருப்பதால் கவனம் சிதறாது. அறிமுகக் கட்டத்துக்கு இவை மெய்யாகவே உதவும்.

ஆனால் இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் பொதுவாக ஒரு குறை உண்டு. நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்கின்றன. பார்த்ததும் அடையாளம் காண்பது ஒரு திறன். ஒன்றும் இல்லாத இடத்தில் நினைவிலிருந்து வரவழைப்பது வேறொரு திறன். முதலாவது எளிது, அது வந்ததும் இரண்டாவதும் வந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள்.

முருகன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் கத்தகானாவில் எழுதுவார்கள். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து போகும் எவருக்கும் முதலில் கைவர வேண்டியது அந்த எழுத்தில் தன் பெயர்தான். மு, ரு, க, ன் என்று நான்கு எழுத்துகள். தமிழில் ‘முருகன்’ என்று எழுதிவிட்டு, நடுவில் வரும் க-வை மென்மையாக ஒலிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானிய எழுத்தும் தொடக்கத்தில் இப்படித்தான் வன்மை மென்மையைப் பெரும்பாலும் குறிக்காமல் விட்டது. இன்று க-வின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடுகள் போட்டால்தான் அது மென்மையாக ஒலிக்கும்.

கடைசி எழுத்தான ‘ன்’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு சிறு கோடு, பிறகு ஒரு நீள வளைகோடு. ‘ஸொ’ என்ற எழுத்துக்கும் அதே இரண்டு கோடுகள்தாம். அச்சில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வேறுபாடு கை போகும் திசையில் இருக்கிறது: ‘ன்’ எழுதும்போது நீளக்கோடு கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறும், ‘ஸொ’ எழுதும்போது மேலிருந்து இடப்பக்கம் கீழே இறங்கும். திசை மாறினால் முருகன் முருகஸொ ஆகிவிடுவார். ‘ஷி’, ‘ட்ஸு’ என்ற இன்னொரு ஜோடியிலும் இதே கதை. அங்கே சிறு கோடுகள் இரண்டு. கண்ணால் மட்டும் கற்றவர் இந்த நான்கு எழுத்துகளிலும் மாதக்கணக்கில் தடுமாறுவார். நான்கையும் பேனாவால் சரியான திசையில் எழுதிப் பழகியவருக்கு, அச்சில் கோட்டின் எந்த முனை தடித்திருக்கிறது, எந்த முனை கூர்ந்திருக்கிறது என்பதே போதும். கை எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிடும்.

கை கண்ணுக்குக் கற்றுத் தருகிறது என்பதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸைச் சேர்ந்த மரியேக் லோங்காம்ப் குழுவினர், பெரியவர்களுக்கு அவர்கள் அறியாத எழுத்துகளைக் கற்பித்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டவை நம் நாட்டு வங்க, குஜராத்தி எழுத்துகள். சிலவற்றைக் கையால் எழுதியும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டியும் கற்றார்கள். வாரங்கள் கழித்து, சரியான வடிவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் பிரித்தறியச் சொன்னபோது, கையால் எழுதிக் கற்ற எழுத்துகளே நன்றாக நிலைத்திருந்தன.

ஜப்பானியர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஓர் எழுத்து நினைவுக்கு வராவிட்டால் ஆள்காட்டி விரலால் காற்றிலோ உள்ளங்கையிலோ எழுதிப் பார்ப்பார்கள். அதற்குக் கூஷோ என்று பெயர். சசாக்கி மசாத்தோ, வத்தனாபே அகிரா என்ற ஆய்வாளர்கள் 1983இல் இதைச் சோதனையாகவே எடுத்துக்கொண்டார்கள். எழுத்தின் உறுப்புகளைத் தனித்தனியே கொடுத்து, சேர்த்தால் என்ன எழுத்து வரும் என்று கேட்டால், விரலை அசைக்க விட்டபோது விடைகள் கூடின. எழுத்தின் நினைவு அசைவாகவும் பதிந்திருக்கிறது என்பது இதன் பொருள். மணலில் விரல் பிடித்து எழுத வைத்த நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் கையாண்டதும் இந்த வழியைத்தான்.

எழுதிப் பழகியாயிற்று, மறக்காமல் இருப்பது எப்படி? ஜெர்மானியரான எபிங்காஸ் 1885இல், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எந்த வேகத்தில் வருகிறது என்று அளந்து வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று உதிர்ந்து, பிறகு மெதுவாகிறது. மறக்கும் தறுவாயில் ஒருமுறை நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகும். இந்த அறிவை 1972இல் செபாஸ்டியன் லைட்னர் ஓர் அட்டைப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். பெட்டியில் ஐந்து அறைகள். புதிய சீட்டுகள் முதல் அறையில், தினமும் பார்க்க வேண்டியவை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், அங்கே பார்வைக்கு வரும் இடைவெளி நீளும். தவறிய சீட்டு எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும்.

இதைச் செய்ய ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை நறுக்கினால் 92 சீட்டுகள் தேறும். ஒரு பக்கம் ‘மு’ என்று தமிழில், மறுபக்கம் ஜப்பானிய வடிவம். முக்கியமான விதி: தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து, ஜப்பானிய வடிவத்தைத் தாளில் எழுதிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். வடிவத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லும் சுற்று தனியாக, அதற்குப் பிறகு.

போலந்துக்காரரான பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் இந்த இடைவெளிக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தார். அவருடைய புகழ்பெற்ற கணக்குப்படி ஒரு சீட்டு முதலில் ஒரு நாள் கழித்து வரும், அடுத்து 6 நாள் கழித்து. அதன்பின் ஒவ்வொரு முறையும் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மடங்காகும்: 15 நாள், பிறகு 38 நாள். கற்பவர் தடுமாறினால் அந்தப் பெருக்கம் குறையும். 2006இல் டேமியன் எல்ம்ஸ், தாம் ஜப்பானிய மொழி படிப்பதற்காகவே அங்கி என்ற இலவச மென்பொருளை எழுதினார். அதன் தொடக்கக் கணக்கு வோஸ்னியாக்குடையது. இன்று மருத்துவ மாணவர்கள்வரை அதைப் பயன்படுத்துகிறார்கள். பரிசு, பட்டம், கைதட்டல் ஒலி என்று எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் எழுத்தை நீண்ட காலம் தங்கவைக்கும் கருவிகளில் முதல் இடம் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். விளையாட்டுச் செயலிகள் இன்று எத்தனை நிமிடம் நம்மைப் பிடித்து வைத்திருந்தன என்பதில் அக்கறை காட்டுகின்றன. இது அடுத்த மாதம் எந்த எழுத்து மறக்கும் என்று கணக்குப் போடுகிறது.

92 எழுத்துகளைத் தாண்டியதும் கான்ஜி என்ற சீன எழுத்துகள் நிற்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட அரசுப் பட்டியலில் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை 2,136. ஜப்பானியக் குழந்தை ஒன்றாம் வகுப்பில் 80 கற்கும், ஆறாம் வகுப்பு முடிக்கும்போது 1,026. தினமும் பள்ளியில் எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கே ஆறு ஆண்டு ஆகிறது.

இங்கே கதை உதவும். 1977இல் ஜேம்ஸ் ஹைசிக் எழுதிய நூல், ஒவ்வொரு எழுத்தையும் உறுப்புகளாகப் பிரித்து, அவற்றை ஒரு குட்டிக் கதையில் கோத்து நினைவில் வைக்கும் முறையைப் பரப்பியது. கதைகள் ஆங்கிலத்தில், அந்தச் சமூகத்துக்குப் பழகிய காட்சிகளோடு இருக்கின்றன. ஜப்பான் அறக்கட்டளை இலவசமாக வெளியிட்ட ‘மெமரி ஹின்ட்’ செயலிகளும் படத்தையும் கதையையும் வைத்துக் கற்பித்து, பிறகு விளையாட்டாகச் சோதிக்கின்றன. அவை ஆங்கிலம், இந்தோனேசிய மொழி, தாய் மொழி பேசுவோரை எண்ணிச் செய்யப்பட்டவை. அடுத்தவர் ஊர்க் கதையை முதலில் புரிந்துகொண்டு, அதன்பின் எழுத்தை நினைவில் வைப்பது இரட்டை வேலை. நம் வட்டாரத்துக்கு நம் வட்டாரக் கதையே பொருந்தும்.

மலை என்ற எழுத்து மூன்று நிமிர்ந்த கோடுகள், அடியில் அவற்றை இணைக்கும் ஒரு படுகோடு, நடுக்கோடு உயரம். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றைச் சுற்றி வளைத்த கோட்டை மதில். எழுதும் முறையும் இதில் அடங்கிவிடும்: முதலில் நடுவில் ராஜகிரி, அடுத்து இடப்பக்கக் குன்றிலிருந்து இறங்கி அடிமதிலையும் ஒரே இழுப்பில், கடைசியில் வலப்பக்கக் குன்று.

வயல் என்ற எழுத்து நான்கு பாத்தியாகப் பிரித்த சதுரம். முதலில் இடது வரப்பு, பிறகு மேல் வரப்பும் வலது வரப்பும் ஒரே கோடாக. அதன்பின் உள்ளே நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. கடைசியில்தான் கீழ் வரப்பை அடைக்க வேண்டும். உள்ளே இருப்பதை எழுதிவிட்டு அடைப்பை மூடு என்ற விதி இன்னும் எத்தனையோ எழுத்துகளுக்குப் பொருந்தும். இந்த வயலின் கீழே ‘வலிமை’ என்ற எழுத்தை எழுதினால் ‘ஆண்’. வலிமை எழுத்தின் பழைய வடிவம் ஏர்க்கலப்பை என்று ஒரு விளக்கம் உண்டு. மரம் ஒன்று நின்றால் மரம், இரண்டு நின்றால் தோப்பு, மூன்றானால் காடு. ஆள் மரத்தோடு சாய்ந்திருந்தால் ஓய்வு.

இப்படி எல்லா எழுத்துக்கும் படம் வரையலாம் என்று நம்பிவிடக் கூடாது. கான்ஜியில் பெரும்பகுதி படங்களே இல்லை. ஒரு பாதி பொருளின் வகையைக் குறிக்கும், மறுபாதி ஒலியைக் குறிக்கும். நீலம் என்ற எழுத்துக்கு ‘ஸே’ என்று ஓர் ஒலி உண்டு. அதனோடு நீர் சேர்ந்தால் ‘தெளிவு’, சூரியன் சேர்ந்தால் ‘வெயில் தெளிந்த வானம்’, சொல் சேர்ந்தால் ‘வேண்டுதல்’. மூன்றுக்கும் ஒலி ‘ஸே’தான். முதல் இருநூறு எழுத்துக்குக் கதை நன்றாகத் துணை வரும். அதன்பிறகு ஒலிப்பகுதியைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒன்றைக் கற்று மூன்றை வாசிக்கலாம். பெரும்பாலான விளையாட்டுகள் இந்த ஒழுங்கைக் காட்டித் தருவதில்லை.

தேர்வுகளும் எழுதச் சொல்வதில்லை. 1984இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் 2010 முதல் ஐந்து படிநிலைகள். சென்னை மையத்தில் அதை நடத்துவது, ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் சங்கமான ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய். விடைகளைத் தேர்ந்து வட்டத்தை நிரப்பினால் போதும். மிக உயர்ந்த படிநிலைவரை ஓர் எழுத்தைக்கூடக் கையால் எழுதாமல் தேறலாம். ஜப்பானியர்களுக்கே கை மறந்துவருகிறது. 1978இல் தோஷிபா முதல் ஜப்பானியச் சொல்செயலியை அறிமுகப்படுத்தியதிலிருந்து, ஒலியைத் தட்டினால் கான்ஜியைக் கருவியே காட்டிவிடுகிறது. 2012இல் அந்நாட்டுப் பண்பாட்டு முகமை வெளியிட்ட கணிப்பில், கான்ஜியைச் சரியாகக் கையால் எழுதும் திறன் குறைந்துவிட்டதாக 66.5 சதவீதத்தினர் சொன்னார்கள்.

அப்படியானால் கையெழுத்துக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, முருகஸொ கதையே விடை. 2,136 எழுத்தையும் கையால் எழுதப் பழகச் சொல்வது வேலைக்குப் போகும் ஒருவருக்கு நியாயமில்லை. ஹிரகானா, கத்தகானா 92, முதல் வகுப்பு கான்ஜி 80, தன் பெயர், முகவரி, படிவங்களில் வரும் சொற்கள்: இவ்வளவும் கையில் இருந்தால், அடுத்துவரும் எழுத்துகளின் உறுப்புகள் எல்லாம் பழகிய முகங்களாகத் தெரியும். மீதியை வாசிக்கவும் விசைப்பலகையில் தேர்ந்தெடுக்கவும் தெரிந்தால் போதும். பேச்சு, இலக்கணத்துக்கு வகுப்புக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு ஐஐடி கான்பூர் என்பிடெல் தளத்தில் தந்திருக்கும் ஜப்பானிய மொழிப் பாடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

தமிழில் இல்லாதது, அங்கி போன்ற கருவியில் ஏற்றிப் பழகக்கூடிய கான்ஜிச் சீட்டுக்கட்டு. அதைச் செய்வதற்கான மூலப்பொருள் திறந்தே கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991 முதல் வளர்த்த அகராதிக் கோப்புகள் ஒவ்வொரு கான்ஜிக்கும் ஒலி, பொருள், கோட்டு எண்ணிக்கை ஆகியவற்றைத் தருகின்றன. பொருள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம் ஆகிய மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. உல்ரிக் ஆபெல் உருவாக்கிய கான்ஜிவிஜி என்ற தொகுப்பு ஒவ்வொரு எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும், எந்த முறையில் எந்தத் திசையில் எழுத வேண்டும் என்பதோடு, வரைபடமாகத் தருகிறது. உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டு, செய்ததை அதே உரிமத்தில் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டால் யாரும் பயன்படுத்தலாம்.

மயிலம் பொறியியல் கல்லூரி மாணவர் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. முதல் வகுப்பின் 80 எழுத்தோடு தொடங்கலாம். மழை, கல், நூல், மூங்கில், பூச்சி, சிப்பி, ஊர், பட்டணம், வயல், வண்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு சீட்டிலும் தமிழ்ப் பொருள், தமிழ் எழுத்தில் ஒலி, கோடு கோடாக நகரும் படம், இந்த வட்டாரத்துக் காட்சி ஒன்றை வைத்து இரண்டு வரிக் கதை, கடைசியில் எழுதிப் பார்க்க ஒரு வெற்றுக் கட்டம்.